கைப்பிடியும் கைத்திறனும்

தன் கைக்கு உதவும் கருவியை அழகு செய்து பார்க்கும் விருப்பம் மனிதனுக்கு இயல்பாக அமைந்தது. உழவன் பொங்கல் நாளில் தன் எருதுகளின் கொம்புகளைச் சீவி வண்ணம் தீட்டுகின்றான். மீனவன் தன் படகின் முகப்பில் வண்ணக் கோடுகளை வரைகின்றான். இல்லத்தரசி பொங்கற் பானையின் கழுத்தில் மஞ்சட் கொத்தினைச் சுற்றுகின்றாள். தச்சன் தன் உளியின் பிடியினைக் கடைந்து மெருகேற்றுகின்றான். இவையெல்லாம் வீண் ஆரவாரமா? அன்றிக் கருவியின்மேற் கொண்ட அன்பின் வெளிப்பாடா? இவ்வினாவிற்கு விடை காண்பதற்குப் பெரிய நூல்களைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. நாள்தோறும் தெருவிலே காணப்படும் மிதிவண்டியின் கைப்பிடியினையும், அதன்மேற் சுற்றப்படும் நூலினையும் ஊன்றி நோக்குதலே போதும்.

காவிரியின் கிளையாறுகள் கடலோடு கலக்கும் கீழைக் கரையில் அமைந்தது காரைக்கால். 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமான இவ்வூர், 1954-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. இன்று புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு மாவட்டமாக, மூன்று பக்கமும் தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ, கிழக்கே வங்கக் கடலை நோக்கி நிற்கின்றது. அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராயனாறு எனப் பல ஆறுகள் இச்சிறு நிலப்பகுதியை ஊடறுத்துச் செல்கின்றன. ஆறுகள் கொணர்ந்த வண்டலால் ஆகிய நிலமாதலின், இங்கே மலையுமில்லை; குன்றுமில்லை. ஏற்றம் என்று சொல்லத் தகுந்தது, பாலங்களின் இருபுறத்தும் உள்ள சிறு சரிவு ஒன்றே. மிதிவண்டிக்கு இதனினும் ஏற்ற நிலம் அரிது.

ஆதலின், விசை பூட்டிய வண்டிகள் மலிந்த இக்காலத்தும், காரைக்காற் பகுதியில் மிதிவண்டி மறைந்துபோகவில்லை. பள்ளி செல்லும் மாணாக்கர் அதில் செல்கின்றனர். வயலுக்குச் செல்லும் உழவர் மண்வெட்டியைப் பின்தாங்கியிற் செருகிக்கொண்டு செல்கின்றனர். ஆயுத பூசை நாளில் மிதிவண்டியைக் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, கைப்பிடியிலே பூச்சரம் சூட்டுகின்றனர். விடுதலை நாள் வந்துவிட்டாலோ, சிறுவர் அதே கைப்பிடியில் மூவண்ணத் தாள்களையும் சிறு கொடிகளையும் கட்டிக்கொண்டு ஊர்வலமாகச் செல்கின்றனர். மிதிவண்டிக்கு எத்தனையோ உறுப்புகள் உண்டு. எனினும், அணி செய்ய விரும்புவோர் கண் முதலிற் செல்லும் இடம் கைப்பிடியே.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரே தொழிற்சாலையில், ஒரே அளவில், ஒரே நிறத்தில் மிதிவண்டிகள் ஆயிரக்கணக்கில் செய்யப்படுகின்றன. சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் 1949-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு, தமிழகத்தில் மிதிவண்டி எளிய குடும்பத்திற்கும் எட்டும் பொருளாக வளர்ந்தது. பின்னர்த் தமிழ்நாட்டு அரசு மேனிலைப் பள்ளி மாணாக்கர்க்கு மிதிவண்டிகளை இலவசமாக வழங்கலாயிற்று. பள்ளியின் வண்டி நிறுத்தத்தில் ஒரே தோற்றமுடைய நூறு வண்டிகள் வரிசையாக நின்றால், தன் வண்டி எது என்று ஒரு மாணவி எவ்வாறு அறிவாள்? கைப்பிடியில் ஒரு சிவப்பு நாடாவைச் சுற்றிவிட்டால் போதும். நூறு வண்டிகளுக்கு நடுவிலும் அவள் வண்டி அவளை அழைக்கும். ஆலை செய்த பொருளைத் தன் பொருளாக்கிக்கொள்ளும் முதற் செயல் இது.

அன்றியும், வண்டியும் மனிதனும் ஒன்றாகும் இடம் கைப்பிடியே. கால் வண்டிக்கு வலிமை தருகின்றது. கையோ அதற்கு வழி காட்டுகின்றது. வளைவதும் நிற்பதும் கையின் ஆணையால் நிகழ்வன. கைப்பிடி வழுக்கினால் ஆணை தவறும். ஆணை தவறினால் உயிருக்கே ஊறு நேரும். மேலும், கரடுமுரடான சாலையில் எழும் அதிர்வு சக்கரத்திலிருந்து கைப்பிடி வழியாகவே உடலை அடைகின்றது. நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டுவோர்க்குச் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போதல் உண்டு. மணிக்கட்டைக் கடந்து உள்ளங்கையின் அடிப்பகுதி வழியே அவ்விரல்களுக்குச் செல்லும் நரம்பு, கடினமான குழாயின்மேல் நெடுநேரம் அழுந்துவதே இதற்குக் காரணம் என்று மருத்துவர் கூறுவர். ஆகவே, கைப்பிடிக்கு மேலுறை இடுதல் முதலில் தேவையாற் பிறந்தது. அழகு அதன் பின்னே வந்தது.

மிதிவண்டியின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1860-க்குப் பிந்தைய ஆண்டுகளில் பாரிசு நகரத்துப் பட்டறைகளில் முன்சக்கரத்தோடு மிதிகட்டைகள் இணைக்கப்பெற்ற வண்டிகள் உருவாயின. அவற்றைப் பிரெஞ்சு மக்கள் 'விரைந்த கால்' என்னும் பொருள்பட 'வெலோசிப்பேது' என வழங்கினர். அப்பெயரின் சுருக்கமாகிய 'வேலோ' என்பதே இன்றும் அம்மொழியில் மிதிவண்டியைக் குறிக்கும் சொல். 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இசுடார்லி என்பவர் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவுடைய வண்டியைச் செய்தார். 1888-ஆம் ஆண்டில் தன்லப் என்பவர் காற்றடைத்த உருளைப்பட்டையைக் கண்டார். 1903-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும் மிதிவண்டிப் போட்டி தொடங்கிற்று. நாள்தோறும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டும் வீரர்க்கு வெறும் இரும்புக் குழாயைப் பற்றிச் செல்லுதல் இயலாததாயிற்று. மரம், தக்கை, இரப்பர் முதலியவற்றால் ஆகிய உறைகள் ஒருபுறம் வழங்க, வளைந்த கைப்பிடி முழுவதிலும் பருத்தி நாடாவைச் சுற்றும் வழக்கமும் வேரூன்றியது. கைப்பிடியைக் 'கிதோன்' என்று கூறும் பிரெஞ்சு மக்கள், அதன்மேற் சுற்றும் நாடாவைக் 'கிதோலின்' என்பர்.

எனினும், ஒன்றன்மேல் ஒன்றைச் சுற்றிக் கட்டி உறுதியாக்கும் கலையைக் காரைக்காற் கடற்கரை, மிதிவண்டி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அறிந்திருந்தது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவர் ஊர்கள் வாழும் இக்கீழைக் கரையின் பழைய கலம் கட்டுமரம். மென்மையான மரத்துண்டுகள் சிலவற்றை அருகருகே வைத்து, இரு முனைகளிலும் கயிற்றாற் பிணைத்துவிட்டால் அதுவே கலம். அதில் ஆணி இல்லை, இரும்பு இல்லை, கட்டு ஒன்றே அதன் உயிர். அலை மோதும்போது மரங்கள் சற்றே அசைந்து கொடுக்கும்; கயிறும் அசைந்து கொடுக்கும்; ஆயினும் பிரியாது. 'கட்டுமரம்' என்னும் தமிழ்ச் சொல்லையே ஆங்கிலமும் பிரெஞ்சும் கடன் பெற்றன என்றால், அக்கட்டின் பெருமையை வேறு எவ்வாறு கூறுவது!

கட்டுமரத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கடலிலிருந்து மீண்டதும் மீனவர் அதன் கட்டினை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலிற் பரப்பிக் காயவைப்பர். ஈரம் ஊறிய மரம் கனத்துவிடும். கட்டின் அடியில் நைந்த கயிறும் கண்ணிற் படாமற் போய்விடும். ஆதலின், மீண்டும் கடலுக்குப் புறப்படுகையில் புதிதாகக் கட்டுவர். 2004-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டமையால், கட்டுமரங்கள் இக்கரையில் அருகிவிட்டன. எனினும், 'நன்றாகக் கட்டு, அவிழ்த்துப் பார், மீண்டும் கட்டு' என்று அவை கற்பித்த பாடம் அருகிப்போகத் தக்கதன்று. மிதிவண்டியின் கைப்பிடிக்கும் அப்பாடமே வேண்டப்படுகின்றது.

கயிறு சுற்றிப் பிடிக்கு உறுதி தரும் முறை வேறு பல பொருள்களிலும் காணப்படும். கிரிக்கெட்டு மட்டையின் பிடி பிரம்பினால் ஆகியது. அதன்மேல் நூலை நெருக்கமாகச் சுற்றிய பின்னரே இரப்பர் உறை இடுகின்றனர். சப்பானிய வாளின் பிடியில் திருக்கை மீனின் சொரசொரப்பான தோலைப் போர்த்தி, அதன்மேல் பட்டு நாடாவையோ பருத்தி நாடாவையோ குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுவர். வியர்த்த கையிலிருந்து வாள் நழுவாமைக்குச் செய்த ஏற்பாடே, காண்போர் வியக்கும் கலையாக மலர்ந்தது. தேவையே அழகின் தாய் என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள்.

இனி, தேவையை மறந்த அழகு எவ்வாறு தீமையாய் முடியும் என்பதனையும் நோக்குதல் வேண்டும். கடற்கரையூர் மாணவன் ஒருவன் தன் தந்தையார் பல்லாண்டு ஓட்டிய மிதிவண்டியைப் பெற்றான் என்று கொள்வோம். கைப்பிடிக் குழாயின் பளபளப்புப் பூச்சு ஆங்காங்கே உதிர்ந்து, துருப்புள்ளிகள் தோன்றியுள்ளன. அவற்றைக் காண அவனுக்கு வெட்கம். கடைக்குச் சென்று பளிச்சென்ற பிளாஸ்டிக் நாடாவை வாங்கிவந்து, துருவைத் துடைக்காமலே அதன்மேல் இழுத்துச் சுற்றிவிடுகின்றான். முனைகளில் நீண்ட குஞ்சங்களையும் தொங்கவிடுகின்றான். நண்பர் புகழ்கின்றனர், அவன் உள்ளம் பூரிக்கின்றது.

ஆனால், உறையின் உள்ளே நிகழ்வதனை ஒருவரும் அறியார். இரும்பும் நீரும் காற்றிலுள்ள உயிரியமும் சேர்ந்தால் துரு உண்டாகும். கடற்காற்றில் கலந்துவரும் உப்பு அவ்வினையை விரைவுபடுத்தும். அன்றியும் காற்றின் ஈரத்தை ஈர்த்துத் தன்னிடம் தேக்கி வைத்துக்கொள்ளும். திறந்த இடத்தில் விழுந்த மழைத்துளி வெயிலில் உலர்ந்துவிடும். நாடாவின் அடியிற் புகுந்த துளியோ உலராது; வாரக் கணக்கில் அங்கேயே தங்கி இரும்பை அரிக்கும். துரு, தான் தின்ற இரும்பினும் மிகுந்த இடத்தைக் கொள்ளுமாதலால், நாடா மெல்ல உப்பிப் பிடி தளரும். ஐப்பசி மழையில், பாலத்தின் சரிவில், எதிரே ஒரு வண்டி வரும்போது அவன் கைப்பிடியை இறுகப் பற்றித் திருப்புகின்றான். நாடா கையோடு சுழல்கின்றது, வண்டியோ திரும்பவில்லை. அவன் விழுந்து காயமுற்றால், அதற்கு யார் பொறுப்பு? வண்டியா? மழையா? துருவைப் போக்காமல் மறைத்த அவன் கையே அன்றோ? குறையை நீக்குவதற்கு மாறாக மூடிவைக்கும் அணிகலன், அணிகலன் அன்று; அது பகையாகும்.

ஆதலின், கைப்பிடியைச் சுற்றத் தொடங்குவோன் முதலிற் செய்யவேண்டுவது அதனை வெறுமையாக்குதலே. பழைய உறையைக் கழற்றுதல் வேண்டும். குழாயை உப்புத்தாளால் தேய்த்துத் துருவை முற்றிலும் அகற்றி, உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். துருவின்கீழ்க் குழி விழுந்திருப்பினும், குழாயில் வெடிப்பேனும் வளைவேனும் காணப்படினும், அக்கைப்பிடியை மாற்றுதலே தக்கது. எத்தகைய சுற்றும் அதனைக் காப்பாற்றாது. நல்ல நிலையில் இருப்பின், துருக்காப்புச் சாயம் ஒரு முறை பூசி உலரவிடுதல் வேண்டும்.

அடுத்தது நூலைத் தேர்தலும் அளத்தலும். வலை பின்னும் ஊர்களில் நூலுக்குக் குறைவில்லை. முற்காலத்தில் மீனவர் பருத்தி நூலால் வலை முடைந்து, அது மட்கிப்போகாதவாறு பனிச்சங்காய் முதலியவற்றின் துவர்ச்சாற்றில் தோய்த்தனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்விடத்தை நைலான் பற்றிக்கொண்டது. நைலான் எளிதில் மட்காது, ஆயினும் வழுவழுப்பானது, வியர்வையை ஈர்க்காது. பருத்தி நூல் வியர்வையை உறிஞ்சிக் கைக்கு இதமளிக்கும். ஆகவே, கைப்பிடிக்குப் பருத்தி நூலே ஏற்றது.

எவ்வளவு நூல் வேண்டும்? இதனை உய்த்துணர்தல் வேண்டா, கணித்தே அறியலாம். வழக்கமான மிதிவண்டியில் கைப்பிடிக் குழாயின் விட்டம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். நூலின் பருமன் 2 மில்லிமீட்டர் எனில், நூலின் நடுக்கோடு 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமாக அமையும். அதன் சுற்றளவு 75 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 12 சென்டிமீட்டர் நீளம் சுற்றவேண்டுமாயின் 60 சுற்றுகள் ஆகும். எனவே, ஒரு கைப்பிடிக்கு நாலரை மீட்டர் நூல் செல்லும். தொடக்கத்திற்கும் முடிவிற்கும் அரை மீட்டர் சேர்த்து, ஐந்து மீட்டராக இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளலாம். வகுப்பறையிற் கற்ற வட்டக் கணக்கு வீட்டு முற்றத்திலே பயன்படும் இடம் இது.

சுற்றும் முறையிலேதான் கைத்திறன் விளங்கும். நூலின் ஒரு நுனியை மடக்கி நீண்ட வளையமாக்கிக் குழாயின்மேல் நீளவாக்கிற் படுக்கவைத்தல் வேண்டும். வளையத்தின் தலை, சுற்று முடியும் இடத்தைக் கடந்து சற்றே வெளியில் நிற்கட்டும். நூலின் நுனி, சுற்றுத் தொடங்கும் இடத்திற்கு வெளியே தொங்கட்டும். பிறகு நீண்ட நூலைக் கொண்டு, அவ்வளையத்தையும் சேர்த்துக் குழாயைச் சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றை ஒட்டி, இடைவெளியின்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒரே இறுக்கத்தோடு அமைதல் வேண்டும். இறுதியில் நூலின் கடைசி முனையை வளையத்தின் தலையிற் கோத்து, தொடக்கத்திலுள்ள நுனியைப் பிடித்து இழுத்தால், வளையம் கடைசி முனையைக் கவ்விக்கொண்டு சுற்றுகளின் அடியில் மறையும். வளையம் பாதி வழி சென்றதும் நிறுத்தி, எஞ்சிய நுனிகளை ஒட்ட நறுக்கிவிடலாம். வெளியில் முடிச்சே தெரியாது. கப்பற் கயிறுகளின் நுனி பிரியாதவாறு கடலோடிகள் தொன்றுதொட்டுக் கையாளும் கட்டு இதுவே.

இன்னும் சிறிது அழகு வேண்டுவோர் வேறொரு முறையைக் கைக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நூலின் நுனியை அச்சுற்றின் அடியிலே நுழைத்து இறுக்கினால் ஓர் அரைமுடிச்சு விழும். அடுத்த சுற்றின் அரைமுடிச்சு அதற்குச் சற்றுத் தள்ளி விழும். இவ்வாறு தொடர்ந்தால், முடிச்சுகள் ஒரு வரிசையாய்த் திரண்டு, குழாயைச் சுற்றிப் புரி போல ஏறிச்செல்லும். ஆங்கிலக் கப்பலோட்டிகள் இதனைப் 'பிரெஞ்சுக் கட்டு' என்பர். வலக்கைப்பிடியில் நூலை ஒரு திசையிலும் இடக்கைப்பிடியில் அதன் எதிர்த்திசையிலும் சுற்றினால், ஒன்று வலம்புரிச் சங்கும் மற்றொன்று இடம்புரிச் சங்கும் போலத் தோன்றும். இப்புரி கண்ணுக்கு விருந்து என்பது மட்டுமன்று. விரல்கள் பற்றுவதற்கு வரம்பாகவும் நின்று, கை வழுக்காமற் காக்கும்.

நூலுக்கு மாறாகப் பருத்தி நாடாவைச் சுற்றுவோர் தொடங்கும் இடத்தை அறிந்து தொடங்குதல் வேண்டும். கூரை வேய்வோர் தென்னங்கீற்றை எங்கிருந்து அடுக்குகின்றனர்? தாழ்ந்த இறவாரத்தில் தொடங்கி உச்சியை நோக்கியே அடுக்குகின்றனர். மேற்கீற்றின் விளிம்பு கீழ்க்கீற்றின்மேற் படிவதால் மழைநீர் உட்புகாது வழிந்துவிடும். அதுபோலவே, நாடாவையும் கைப்பிடியின் வெளிமுனையிலே தொடங்கி உள்நோக்கிச் சுற்றுதல் வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் மூன்றிலொரு பகுதியை மூடட்டும். அங்ஙனம் செய்தால், கை வெளிமுனை நோக்கி அழுந்தும்போது நாடாவின் விளிம்பு புரளாது, படிந்தே கிடக்கும். முடியும் இடத்தை நூற்கட்டினால் இறுக்கிவிடலாம்.

சுற்றி முடிந்தபின் அதற்கு ஒரு காப்பு வேண்டும். புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் வெளியிடும் பிசினே அரக்கு. அதனைத் தூய்மை செய்து, அவல் போன்ற மெல்லிய தகடுகளாக ஆக்கி விற்பர். ஆதலின் அது அவலரக்கு எனப்படும். இந்தியாவே இதற்குப் பெயர்பெற்ற நாடு. அரக்கு நீரிற் கரையாது, ஸ்பிரிட்டிற் கரையும். அக்கரைசலையே மரத்தச்சர் மேசை நாற்காலிகளுக்குப் பூசிப் 'பிரெஞ்சு பாலிஷ்' என்று கூறுவர். நெடும்பயணம் செல்லும் மிதிவண்டியோட்டிகள் பருத்தி நாடாவின்மேல் இதனைப் பூசுதலுண்டு. மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் பூசினால், நூலிழைகள் ஒன்றோடொன்று பிணைந்து உறுதிபெறும்; செந்தேன் போன்ற நிறமும் வாய்க்கும். அடர்த்தியாகப் பூசினாலோ பிடி வழுக்கும். ஸ்பிரிட்டு எளிதில் தீப்பற்றுவதும் நச்சுத்தன்மை உடையதும் ஆதலின், பெரியோர் உடனிருக்க, அடுப்பிற்கு அப்பால், காற்றோட்டமுள்ள இடத்திலேயே இவ்வேலையைச் செய்தல் வேண்டும். நெடுநேரம் நனைந்தால் அரக்குப் பூச்சு வெளிறும். அப்போது மீண்டும் பூசுதல் நன்று.

இன்னும் சில காப்புகள் உள. கைப்பிடிக் குழாயின் வெளிமுனை திறந்திருத்தல் ஆகாது. விழுந்தவர் உடலில் அவ்வட்ட விளிம்பு ஆழமான காயத்தை உண்டாக்கும். ஆதலால், தக்கையாலோ இரப்பராலோ அதனை அடைத்தல் வேண்டும். பிரேக்குக் கம்பியின் இயக்கத்தைச் சுற்று தடுக்கலாகாது. மணி விரலுக்கு எட்டும் இடத்திலேயே இருத்தல் வேண்டும். குஞ்சம் கட்டுவோர், அது சக்கரத்தின் கம்பிகளுக்கு எட்டாத அளவிற் குறுகியதாய்க் கட்டுதல் வேண்டும். எல்லாம் முடிந்தபின், நின்ற நிலையிலேயே கைப்பிடியை முழு வலிமையோடு முறுக்கிப் பார்த்தல் வேண்டும். சுற்று சிறிதளவு சுழலினும், சோம்பலின்றி அவிழ்த்து மீண்டும் சுற்றுதலே அறிவுடைமை.

வண்ணங்களைத் தேர்வதில் அவரவர் விருப்பமே சட்டம். பத்துச் சுற்று நீலம், இரண்டு சுற்று வெள்ளை என்று எண்ணிச் சுற்றினால் கோடுகள் ஒழுங்காக அமையும். இரு வண்ண நூல்களைச் சேர்த்து ஒருங்கே சுற்றினால் மெல்லிய வரிகள் தோன்றும். தமிழகத்துப் பெண்கள் பிளாஸ்டிக் வயரினால் சிவன்கண், நெல்லிக்காய், பிஸ்கட்டு எனப் பெயரிட்டுக் கூடைகள் பின்னுகின்றனர். அப்பின்னலை அறிந்த தாயோ பாட்டியோ வீட்டில் இருப்பின், இளையோர்க்கு அவரினும் சிறந்த ஆசிரியர் வேண்டா. ஒரு தலைமுறையின் கைத்திறன் மறு தலைமுறையின் கைக்கு மாறுவதற்கு இத்தகைய சிறு வேலைகளே வாயில்கள்.

இவையனைத்தினும் தலையாயது ஒன்று உண்டு. செய்து முடித்த சுற்று எத்துணை அழகியதாயினும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதனை அவிழ்த்து உள்ளிருக்கும் இரும்பைப் பார்த்தல் வேண்டும். கடற்கரையில் வாழ்வோர்க்கு இஃது இன்றியமையாதது. பழுப்பு நிறக் கறை நூலின் வழியே கசிந்தாலோ, சுற்று ஓரிடத்தில் உப்பினாலோ ஆண்டு முடியும்வரை காத்திருத்தலும் தவறு. அழகாகச் சுற்றியதனை அவிழ்ப்பதற்கு மனம் வராது என்பது உண்மையே. ஆனால், கடலிலிருந்து மீண்ட மீனவன் தன் கலத்தின் கட்டினை அவிழ்க்கத் தயங்கினானா? அவிழ்த்தமையாலன்றோ அடுத்த முறையும் அவன் கரை சேர்ந்தான்! ஆயுத பூசைக்கு முந்திய வாரம் இதற்கு ஏற்ற காலம். பழைய நூலை அவிழ்த்து, இரும்பைத் துடைத்து, புது நூல் சுற்றியபின் கைப்பிடியிற் பூச்சூட்டினால், அப்பூசை பொருளுடையதாகும். கருவிக்குச் செய்யும் வழிபாடு அதனைப் பேணுதலேயன்றி வேறன்று.

1990-க்குப் பிந்தைய ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் பிறர் துணையை எதிர்பார்த்து நின்றவர்கள், கைப்பிடியைத் தம் கையிற் பற்றியவுடன் தாமே வழியைத் தேர்ந்தனர். கைப்பிடி என்பது வெறும் இரும்புக் குழாயன்று என்பதற்கு அப்பெண்களே சான்று. அதனைப் பற்றியவர் தம் பயணத்திற்குத் தாமே பொறுப்பேற்கின்றனர்.

அத்தகைய கைப்பிடியில் சில மீட்டர் நூலைச் சுற்றுதல் சிறு செயலே. ஆயினும், அச்சிறு செயலில் அளக்கும் அறிவும், சுற்றும் பொறுமையும், குறையை மறைக்காமல் நீக்கும் நேர்மையும், அவிழ்த்துப் பார்க்கும் துணிவும் ஒருங்கே வேண்டப்படுகின்றன. இவை நான்கும் கூடிய இடத்தில் அழகு தானே வந்து அமரும். இவை இல்லாத இடத்தில் எத்துணைப் பளபளப்பும் நிலைக்காது. காரைக்காற் கடற்காற்று அதனை ஒரே மழைக்காலத்தில் மெய்ப்பித்துக் காட்டிவிடும்.

பயிற்சி

1. கைப்பிடிக்கு மேலுறை இடுதல் தேவையாற் பிறந்தது என்பதனை விளக்குக.
2. கட்டுமரம் கற்பிக்கும் பாடம் யாது? அது கைப்பிடிக்கு எவ்வாறு பொருந்தும்?
3. கடற்கரை ஊர்களில் உறையின் அடியில் துரு விரைந்து பரவுவது ஏன்?
4. நூலின் பருமன் 3 மில்லிமீட்டர், சுற்றவேண்டிய நீளம் 12 சென்டிமீட்டர் எனில், ஒரு கைப்பிடிக்கு எவ்வளவு நூல் செல்லும் எனக் கணித்துக் கூறுக.
5. நாடா சுற்றுதலுக்கும் கூரை வேய்தலுக்கும் உள்ள ஒற்றுமையை எழுதுக.
6. உங்கள் வீட்டிலுள்ள ஒரு கருவியின் பிடியைக் கூர்ந்து நோக்கி, அதன் அழகும் பயனும் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.